உங்கள் காரை கேமுக்குள் ஓட்டலாம்: படங்கள் எதுவரை உதவும்?

கார் ரேஸ் கேம் எதைத் திறந்தாலும் ஃபெராரி இருக்கும், போர்ஷே இருக்கும், நிசானில் ஜிடி-ஆர் இருக்கும். கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மதிலோடு மதிலாக நிற்கும் நிசான் சன்னி எஃப்பி14ஐத் தேடினால் கிடைப்பது அரிது. பஞ்சிகாவத்தையில் இன்றும் ஆட்கள் பாகம் தேடி அலையும் மிட்சுபிஷியின் பொக்ஸ் லான்சருக்கும் அதே கதிதான். கேம் கம்பெனிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு காரைச் சேர்க்க உற்பத்தியாளரின் அனுமதி வேண்டும், மாதக்கணக்கில் ஆள் உழைப்பு வேண்டும். உலகம் முழுக்க ஆசைப்படும் காருக்குத்தான் அந்தச் செலவைச் செய்வார்கள்.

ஆனால் நாங்கள் ஆசைப்படும் கார்கள் வேறு. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க இருபது, முப்பது வயதுக் கார்களை டிங்கரிங் செய்து, பெயின்ட் அடித்து, ஓட்டிக்கொண்டே இருந்தோம். அப்படி வீட்டோடு ஒட்டிப்போன ஒரு காரைக் கேமுக்குள் கொண்டுபோக வேண்டும் என்றால் நாங்களேதான் செய்ய வேண்டும். கையில் இருக்கும் போனால் எடுக்கும் படங்களிலிருந்தே தொடங்கலாம். படங்கள் காரின் உருவத்தைத் தரும். அந்தக் கார் எப்படி ஓடும் என்பதைத் தராது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் இறங்குகிறவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

முதலில், எந்தக் கேமுக்குள் போகலாம்? பிளேஸ்டேஷனில் ஓடும் கிரான் டூரிஸ்மோவுக்குள் நீங்கள் செய்த காரை வைக்க வழியே கிடையாது. அங்கே அதிகபட்சம் உங்கள் காரின் ஸ்டிக்கரையோ கராஜ் பெயரையோ கேமில் உள்ள இன்னொரு காரின்மேல் ஒட்டலாம். அதுகூட படமாக ஏறாது. எஸ்.வி.ஜி வடிவத்தில், 15 கிலோபைட்டுக்குள், கோடுகளாக மாற்றித்தான் ஏற்ற வேண்டும். ஃபோர்ஸா கேமில் அதுவும் இல்லை. கேம் தரும் வட்டம், சதுரம், கோடு போன்ற வடிவங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கித்தான் எதையும் வரைய வேண்டும். சொந்தக் காருக்கு இடம் கொடுப்பவை கணினிக் கேம்கள். இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014இல் முழுமையாக வெளியிட்ட அசெட்டோ கோர்சா இன்னும் இதற்கு முதல் தெரிவு. அடுத்தது ஜேர்மனியின் பிரேமன் நகரிலிருந்து வரும் பீம்என்ஜி. போன் மட்டும் இருக்கும் பிள்ளைகளுக்கு பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா இருக்கிறது. வெளியில் செய்த வாகனத்தை உள்ளே ஏற்ற அதில் வசதி உண்டு. எங்கள் தனியார் பஸ்கள் பல அப்படித்தான் அதற்குள் ஓடுகின்றன. இந்தக் கட்டுரைக்கு அசெட்டோ கோர்சாவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பழைய கேம், சுமாரான கணினியிலும் ஓடும், வழிகாட்டிகள் நிறைய உண்டு.

ஒரு காலத்தில் இந்த வேலை மிக எளிது. 1997இல் வந்த முதல் கிரான் டூரிஸ்மோவில் ஒரு கார் சுமார் 300 பல்கோணங்களால், அதாவது உருவத்தைக் கட்டும் தட்டையான சிறு முகங்களால் ஆனது. 1998இன் நீட் ஃபோர் ஸ்பீட் மூன்றாம் பாகத்தில் ஒவ்வொரு காரும் ஒரே ஒரு பொதிக் கோப்புக்குள் இருந்தது. அதைத் திறந்து, உள்ளே உள்ள படத்தை மாற்றி, மூடிவிட்டால் புதுக் கார் தயார். பெட்டி மாதிரியான ஓர் உருவத்தின்மேல் காரின் பக்கவாட்டுப் படத்தை ஒட்டினாலே போதும். கண்ணாடி, கைபிடி, கதவு இடுக்கு எல்லாம் படத்திலேயே வந்துவிடும். திரையும் சிறியது, கண்ணும் அதை ஏற்றுக்கொண்டது.

இன்று அதே வேலையைச் செய்தால் கார் செத்த கார் மாதிரி இருக்கும். காரணம் வெளிச்சம். நீங்கள் கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் வீதியில் பின்னேரம் எடுத்த படத்தில், மேற்கிலிருந்து அடித்த வெயிலும் எதிர்க் கடையின் பிரதிபலிப்பும் கதவிலேயே பதிந்திருக்கும். கேமுக்குள் சூரியன் வேறு திசையில் நிற்கும், கார் திரும்பும், மழை வரும். கதவில் உள்ள அந்தப் பின்னேர வெயில் மட்டும் அசையாது. அதனால் இப்போதைய கேம்கள் பெயின்டின் படத்தைக் கேட்பதில்லை. அதன் நிறம் என்ன, எவ்வளவு சொரசொரப்பு, மேலே பூசிய பளபளப்பு எவ்வளவு என்று எண்களாகக் கேட்கின்றன. வெளிச்சத்தைக் கேமே போட்டுக்கொள்ளும். ஆக, படங்களின் வேலை மாறிவிட்டது. முன்பு படம் காரின் தோலாக இருந்தது. இப்போது அது அளவுகோல்.

அளவுகோலாகப் பயன்படுத்த இரண்டு வழிகள் உண்டு. பழைய வழி, நான்கு பக்கப் படங்களைப் பின்னால் வைத்துக்கொண்டு பிளெண்டர் போன்ற இலவச மென்பொருளில் அதன்மேல் உருவம் இழுப்பது. முன், பின், பக்கம், மேல். கேட்க இலகு. ஆனால் போன் படத்தில் ஒரு பொறி இருக்கிறது. போனின் பிரதான லென்ஸ் அகலப் பார்வை கொண்டது. காருக்குப் பக்கத்தில் நின்று எடுத்தால் நடுக் கதவு உப்பித் தெரியும், காரின் இரண்டு முனைகளும் சிறுத்துத் தெரியும். முன்பக்கப் படத்தோடு பக்கப் படத்தை வைத்துப் பார்த்தால் பொனட் உயரம் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. இதைத் தவிர்க்க ஒரே வழி தள்ளிப் போவதுதான். பதினைந்து, இருபது மீற்றர் தள்ளி நின்று, போனில் இரண்டு அல்லது மூன்று மடங்கு ஸூம் வைத்து, காரின் பாதி உயரத்துக்குப் போனைத் தாழ்த்தி, இரண்டு சில்லுகளுக்கும் சரி நடுவில் நின்று எடுக்க வேண்டும். கொழும்பு ஒழுங்கையில் பதினைந்து மீற்றர் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். அது நியாயமான கேள்வி, அதற்கு வருகிறேன்.

படங்கள் கிடைத்ததும் அளவை நிலைப்படுத்துவது முக்கியம். சன்னி எஃப்பி14இன் முன் சில்லு மையத்திலிருந்து பின் சில்லு மையம்வரை 2,535 மில்லிமீற்றர். பிளெண்டரில் பக்கவாட்டுப் படத்தை, அந்த இரண்டு மையங்களுக்கு இடையில் சரியாக 2.535 மீற்றர் வரும்வரை பெரிதாக்குங்கள். மற்ற எல்லா அளவும் அதிலிருந்து தானாக வரும். நம்பிக்கை வராவிட்டால் பம்பரிலிருந்து பம்பர்வரை நாடாவால் அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு விரல் வித்தியாசம் வந்தால் படம் சரிவாக எடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது வழி, நிறையப் படங்களைக் கொடுத்துக் கணினியையே உருவம் கட்ட வைப்பது. இது புதிதாகத் தெரிந்தாலும் எண்ணம் மிகப் பழையது. 1858இல் ஜேர்மனியின் வெட்ஸ்லார் நகரில் தேவாலயம் ஒன்றை ஏறி அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மெய்டன்பாவர் என்ற கட்டடக்கலைஞர் மேலிருந்து விழப்பார்த்தார். உயிரைப் பணயம் வைத்து ஏறுவதைவிடப் படம் எடுத்து அதிலிருந்து அளக்கலாமே என்ற யோசனை அவருக்கு அங்கேதான் வந்தது. அவர் கையால் கணக்குப் போட்டதை இன்று மென்பொருள் செய்கிறது. ஒவ்வொரு படத்திலும் தனித்து அடையாளம் காணக்கூடிய ஆயிரக்கணக்கான புள்ளிகளை அது பொறுக்கும். கீறல், ஸ்டிக்கரின் மூலை, ரயரில் உள்ள எழுத்து. அதே புள்ளி அடுத்த படத்தில் எங்கே இருக்கிறது என்று தேடும். ஒரே புள்ளியை மூன்று நான்கு இடங்களிலிருந்து பார்த்தால், போன் எங்கெங்கே நின்றது, புள்ளி வெளியில் எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்தே கணக்கிட்டுவிடலாம். புள்ளிகள் கோடிக்கணக்கில் சேர்ந்ததும் அவற்றை முக்கோணங்களால் இணைத்து ஒரு மேற்பரப்பு கட்டப்படும். மெஷ்ரூம் இதற்கான இலவச மென்பொருள். ரியலிட்டிகேப்சர் என்ற பெயரில் வந்து இப்போது ரியலிட்டிஸ்கேன் ஆகியிருக்கும் எபிக் நிறுவனத்தின் மென்பொருளும் 2024 முதல் தனியாட்களுக்கு இலவசம். வேகத்தில் அதுதான் முந்தும்.

கல்சிலைக்கும் கோயில் தூணுக்கும் இது பிரமாதமாக வேலை செய்யும். கார்தான் இதற்குப் பரம எதிரி. காரணம் புரிய வேண்டுமானால் உங்கள் காரின் பின்கதவுப் பக்கம் குனிந்து நின்று, கதவின் நடுவில் தெரியும் எதையாவது பாருங்கள். எதிர் மதில் தெரியும், அதன் மேலே தென்னோலை தெரியும். இரண்டடி நகருங்கள். தென்னோலையும் கதவில் நகரும். கதவின் மேல் உள்ள கீறல் ஒரு கணக்கில் நகர்கிறது, தென்னோலை வேறு கணக்கில் நகர்கிறது. மென்பொருளுக்கு அது பிரதிபலிப்பு என்று தெரியாது. கதவுக்கு உள்ளே பல மீற்றர் ஆழத்தில் ஒரு தென்னை நிற்கிறது என்று அது முடிவு கட்டும். கிடைக்கும் உருவத்தில் கதவில் குழி விழுந்திருக்கும், பொனட் அலை அலையாக இருக்கும், கண்ணாடி இருக்கும் இடத்தில் வெறும் ஓட்டை. ரயரும் பம்பரும் மட்டும் அச்சு அசலாக வந்திருக்கும், ஏனென்றால் அவை மினுங்காதவை.

இதனால்தான் காரைக் கழுவாமல் படம் எடுக்கச் சொல்கிறேன். வோட்டர் வாஷ் போட்டு, மெழுகு தேய்த்து நிறுத்தினால் வேலை கெட்டது. இரண்டு வாரத் தூசி படிந்த கார்தான் நல்ல கார். தூசி பெயின்டின் மினுக்கத்தை மந்தமாக்குவதோடு மென்பொருள் பிடித்துக்கொள்ளப் புள்ளிகளையும் தருகிறது. அதோடு, பெயின்ட் கடையில் விற்கும் மறைப்பு நாடாவைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, கதவு, பொனட், கூரை, கண்ணாடி எங்கும் ஒழுங்கில்லாமல் ஒட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் பேனையால் வேறு வேறு கிறுக்கல் போடுங்கள். ஒரே மாதிரித் துண்டுகளை ஒரே இடைவெளியில் ஒட்டினால் மென்பொருள் ஒன்றை மற்றதென்று குழம்பும். வெளிநாட்டில் சிலர் சில மணிநேரத்தில் தானே ஆவியாகிப் போகும் வெள்ளைத் தெளிப்பான் அடிக்கிறார்கள். வீட்டுக் காருக்கு நாடா போதும். முகப்பவுடரைப் பூசித் துணியால் தேய்ப்பதை மட்டும் செய்யாதீர்கள், தூசியோடு சேர்ந்து பெயின்டைக் கீறிவிடும்.

வெளிச்ச விடயத்தில் கொழும்பு கொஞ்சம் கடினமான ஊர். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அந்த வெயிலில் கூரையும் பொனட்டும் வெளுத்துப்போகும், கதவின் கீழ்ப்பாதி கருப்பாகும், காரின் அடி தெரியவே தெரியாது. வேண்டியது மூட்டம். மே முதல் செப்டெம்பர்வரை தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மழை ஓய்ந்த காலைகள் இதற்கென்றே செய்த மாதிரி. வானம் முழுக்க ஒரே சாம்பல், நிழல் இல்லை. மழைத்துளி காய்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஈரக் கார் கண்ணாடி மாதிரி. மூட்டம் இல்லாத நாளில் வெயில் காரைத் தொடுவதற்கு முன்பு எடுத்து முடித்துவிட வேண்டும்.

இப்போது இடப் பிரச்சினை. காரைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு மீற்றராவது நடக்க இடம் வேண்டும், பக்கவாட்டுப் படத்துக்கு இன்னும் தூரம் வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டு வாசலில் அது நடக்காத காரியம். போயா (பௌர்ணமி விடுமுறை) தினக் காலையோ ஞாயிறு காலையோ, தெரிந்த ஒருவரின் திறந்த வாகனத் தரிப்பிடத்தையோ பாடசாலை மைதானத்தையோ கேட்டுப் பெறுவது நல்லது. கோட்டைப் பக்கம் ஞாயிறில் வீதிகள் காலியாக இருக்கின்றன என்று அங்கே போகாதீர்கள். படம் எடுக்கத் தடையுள்ள கட்டடங்கள் அங்கே உண்டு, ஒரு காரை இருநூறு படம் எடுத்துக்கொண்டு சுற்றுகிறவரை யாராவது வந்து கேள்வி கேட்பார்கள்.

எடுக்கும் முறை சுருக்கமாக: காரை ஒருமுறை நிறுத்தினால் முடியும்வரை அசைக்கக் கூடாது, கதவைக்கூடத் திறக்கக் கூடாது. முழங்கால் உயரத்தில் ஒரு சுற்று, நெஞ்சு உயரத்தில் ஒரு சுற்று, தலைக்கு மேலே கையைத் தூக்கியோ ஏணியில் ஏறியோ ஒரு சுற்று. ஒவ்வொரு அடிக்கும் ஒரு படம். ஒரு படத்தில் உள்ளதில் முக்கால் பங்கு அடுத்த படத்திலும் இருக்க வேண்டும். நூற்றைம்பது முதல் முந்நூறுவரை வரும். போனின் பிரதான லென்ஸ் ஒன்றையே பயன்படுத்துங்கள், ஒளி அளவையும் குவியத்தையும் பூட்டிவிடுங்கள், போர்ட்ரெய்ட் பயன்முறை வேண்டாம். பின்னணியை மங்கலாக்கும் அந்த வேலை எல்லாக் கணக்கையும் குழப்பும். வீடியோ எடுத்து அதிலிருந்து படம் பிரிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் நகரும்போது விழும் மங்கல், படத்தின் கோடுகளைக் கெடுக்கும்.

சரி, உருவம் வந்துவிட்டது. அதை அப்படியே கேமில் போட முடியாது. லட்சக்கணக்கான தாறுமாறான முக்கோணங்கள், கண்ணாடியும் கதவும் சில்லும் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடக்கும். நான் பரிந்துரைப்பது, இரண்டு வழிகளையும் சேர்ப்பது. கணினி கட்டிய உருவத்தை அடியில் அச்சாக வைத்து, அதன் மேல் சுத்தமான, குறைந்த முகங்கள் கொண்ட மேற்பரப்பைக் கையால் வரையுங்கள். குழி விழுந்த இடத்தில் பக்கவாட்டுப் படம் வழிகாட்டும். பக்கவாட்டுப் படம் ஏமாற்றும் வளைவில் அச்சு வழிகாட்டும். பாதிக் காரை மட்டும் செய்து மறுபாதியைக் கண்ணாடிப் பிரதியாக எடுத்தால் வேலை பாதியாகும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த சிக்கல். கொழும்பில் முப்பது வருடம் ஓடிய எந்தக் காரின் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. இடது முன்பக்கம் ஒருமுறை முச்சக்கர வண்டியோடு உரசியிருக்கும், கராஜில் தட்டி, பட்டி போட்டு, பெயின்ட் அடித்திருப்பார்கள். கதவும் ஃபெண்டரும் சந்திக்கும் இடுக்கு அந்தப் பக்கம் மட்டும் மேலே ஒடுங்கியும் கீழே அகன்றும் இருக்கும். பட்டி போட்ட இடத்தில் பெயின்டின் சாயல் ஒரு மாற்றுக் குறைவு. கண்ணாடிப் பிரதி இதையெல்லாம் அழித்து, தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்த காரைத் தரும். அது ஒரு சன்னி, உங்கள் சன்னி அல்ல. அதனால் பிரதி எடுத்த பிறகு இரண்டு பக்கத்தையும் பிரித்து, அச்சைப் பார்த்து அந்த இடுக்கையும் பட்டியையும் திரும்பக் கொண்டுவாருங்கள். படங்கள் செய்யும் வேலைகளில் வேறு எதாலும் ஈடுசெய்ய முடியாதது இதுதான். வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கும், உங்கள் காரின் தழும்பு கிடைக்காது.

உருவம் முடிந்ததும் பாகங்களைக் கேம் எதிர்பார்க்கும் பெயரில் பிரிக்க வேண்டும். நான்கு சில்லுகளும் ஸ்டியரிங்கும் தனித்தனி. மோதலைக் கணக்கிட, காரைச் சுற்றி எளிமையான பெட்டி உருவம் ஒன்று தனியாக. தூரத்தில் தெரியும்போது காட்ட இன்னும் குறைந்த முகங்கள் கொண்ட பிரதிகள். இவை நேரம் தின்னும் வேலைகள், ஆனால் குழப்பமானவை அல்ல.

அப்புறம்தான் எண்கள். அசெட்டோ கோர்சாவில் ஒவ்வொரு காருக்கும் உருவத்தோடு ஒரு தரவுக் கோப்புறையும் இருக்கும். இஞ்சின், சஸ்பென்ஷன், ரயர், கியர்பெட்டி, காற்றுத்தடை என்று சாதாரண எழுத்துக் கோப்புகள். ஒரு லம்போர்கினியின் கோப்புகளைப் பிரதி எடுத்துச் சன்னியின் உடலுக்குள் வைத்தால், பார்க்கச் சன்னி, ஓட லம்போர்கினி. ரசிகர்கள் செய்து கேமில் சேர்க்கும் கார்கள், அதாவது மொட்கள், நிறைய அப்படித்தான் வெளிவருகின்றன. வீட்டுக் காரை ஒருமுறை நிஜமாக ஓட்டியவர் முதல் வளைவிலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

இந்த எண்களில் சிலவற்றைப் படங்களே தரும். ரயரின் பக்கச்சுவரைக் கிட்டவாக எடுத்த ஒரு படம் போதும். அதில் 175/70 ஆர்13 என்று இருந்தால் அகலம் 175 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 122.5. ரிம்மின் விட்டம் 13 அங்குலம், அதன் பாதி 165. கூட்டினால் சில்லின் ஆரை ஏறத்தாழ 288 மில்லிமீற்றர். ரயர் கோப்பில் நேரே எழுதிவிடலாம். கதவுச் சட்டத்திலோ இஞ்சின் அறையிலோ உள்ள தகட்டைப் படம் எடுத்தால் மொடல் எண் கிடைக்கும். அதை வைத்து இஞ்சினைத் தேடலாம். எஃப்பி14இல் இருப்பது 1.5 லீற்றர் ஜிஏ15டிஈ. தயாரிப்பாளர் கணக்கில் 6,000 சுற்றில் 105 குதிரைவலு. தயாரிப்பாளர் தரும் எண்கள் இஞ்சினில் எடுத்தவை. சில்லுக்கு வரும்வரை கியர்பெட்டியில் போகும் இழப்பைக் கழித்துவிட்டுத்தான் கோப்பில் எழுத வேண்டும். அதோடு முப்பது வயது இஞ்சின் புது இஞ்சின் அல்ல என்பதையும் மறக்காதீர்கள்.

எடையைப் படம் தராது. லொறி நிறுக்கும் எடைமேடையில் முன்சில்லுகளை மட்டும் ஏற்றி ஒருமுறை, பின்சில்லுகளை மட்டும் ஏற்றி ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். கார் முன்பக்கம் எவ்வளவு பாரமானது என்ற விகிதம் கிடைக்கும். வளைவில் கார் முன்னுக்கு இழுக்கிறதா, வால் வீசுகிறதா என்பதை முடிவு செய்வதில் அந்த ஓர் எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. சத்தமும் அப்படியே. நிறுத்திவைத்த காரில் வெவ்வேறு சுற்றுகளில் இஞ்சினை நிலையாக வைத்து, உள்ளே ஒருமுறை, சைலன்சருக்குப் பின்னால் ஒருமுறை பதிவு செய்ய வேண்டும்.

ஒரே படத்தைக் கொடுத்தால் முழுக் காரையும் செய்து தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது வந்திருக்கின்றன. படத்தில் இல்லாத பின்பக்கத்தை அவை ஊகித்துப் போடுகின்றன. வீதியோரம் நிறுத்திவைக்கும் பின்னணிக் காருக்குப் பரவாயில்லை. உங்கள் கார் வேண்டுமானால் ஊகம் உதவாது. 2023க்குப் பிறகு பிரபலமான காஸியன் ஸ்பிளாட்டிங் முறை, பெயின்டின் மினுக்கத்தைக்கூட அழகாகப் பிடிக்கும். ஆனால் அதில் இருப்பது மிதக்கும் வண்ணப் புள்ளிகள், மேற்பரப்பு அல்ல. சுற்றிப் பார்க்க அருமை. கதவைத் திறக்கவோ சில்லைத் திருப்பவோ அதில் முடியாது.

வேறு கேம்களிலிருந்து உருவி எடுத்த கார்களை அசெட்டோ கோர்சாவுக்கு மாற்றிக் காசுக்கு விற்கும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. அது இன்னொருவரின் மாதக்கணக்கான உழைப்பைத் திருடுவது. சொந்தப் படத்திலிருந்து செய்யும் காரில் அந்தக் குறை இல்லை. கார்க் கம்பெனியின் சின்னமும் பெயரும் அவர்களுடையவை என்பதால் விற்க மட்டும் வேண்டாம், நண்பர்களோடு ஓட்டுங்கள். பொதுவில் பகிர்வதானால் இலக்கத்தகட்டை மாற்றிவிடுங்கள். வீட்டு மதிலும் தெருப் பெயர்ப் பலகையும் தெரியும் மூலப் படங்களை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ புறப்படும் குடும்பங்கள் கடைசியாக விற்கும் சாமான்களில் ஒன்று கார். வாங்குகிறவர் முற்பணம் தந்துவிட்டார், ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் பிளெண்டர் கற்றுக்கொள்ள உட்கார வேண்டாம், அதைப் பிறகும் செய்யலாம். நாடாத் துண்டுகளை ஒட்டி மூன்று சுற்றுப் படத்தை எடுங்கள். தள்ளி நின்று நான்கு பக்கத்தையும் எடுங்கள். உட்புறத்தில் டாஷ்போர்டை நேராகவும், ஆசனத் துணியைக் கிட்டவும், கியர் தடியையும், ஸ்டியரிங்கில் கைபட்டுத் தேய்ந்த இடத்தையும் எடுங்கள். ரயர், தகடு, பொனட்டுக்குள், முடிந்தால் கராஜில் தூக்கி நிறுத்திய நேரம் பார்த்து அடிப்பக்கம். அளவுநாடா படத்துக்குள் தெரியும்படி சில படங்கள். இஞ்சின் சத்தம். எல்லாவற்றையும் போனிலிருந்து கேபிளால் நேரே கணினிக்கு மாற்றி இரண்டு இடங்களில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கி, லென்ஸ் பற்றிய தகவலையும் நீக்கிவிடும், மென்பொருளுக்கு அந்தத் தகவல் தேவை. அனுப்பியே ஆக வேண்டுமானால் ஆவணமாக அனுப்புங்கள்.